கொல்லிமலை ஆகாய கங்கை அருவிக்கு முட்டிவலி உள்ள அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகலாமா?

அம்மாவுக்கு அறுபது வயது, லேசான முட்டிவலி உண்டு, நடை கொஞ்சம்தான் என்கிறார்களே, போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகலாம். ஆனால் இதே "கொஞ்சம்தான்" என்ற வார்த்தையை நம்பி என் அம்மாவைக் கூட்டிப்போய் அங்கே தவிக்க விட்டவன் நான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தூரம் என்று பார்த்தால் உண்மையிலேயே குறைவுதான். அறப்பளீஸ்வரர் கோயில் வரைக்கும் வண்டி போகும், கோயிலுக்குப் பக்கத்திலிருந்தே படிக்கட்டு ஆரம்பித்துவிடும். ஆனால் எல்லாம் இறங்கு படி, ஆயிரத்துக்கும் மேல். மற்ற மலைக்கோயில்களில் முதலில் மூச்சு வாங்க ஏறுவோம், திரும்பும்போது சுலபமாக இறங்கிவிடுவோம். இங்கே அப்படியே தலைகீழ். இறங்கும்போது மரநிழல், குளிர்ந்த காற்று, கீழேயிருந்து வரும் அருவிச் சத்தம் எல்லாம் சேர்ந்து நம்மைக் கீழே இழுத்துக்கொண்டே போகும், களைப்பே தெரியாது. அருவியில் நின்று குளித்து, உடம்பு தளர்ந்து, பசியும் எடுத்த பிறகுதான் ஏற வேண்டிய படி அத்தனையும் தலைக்கு மேலே நிற்கும். நடையில் பாதிதான் முடிந்திருக்கிறது, அதுவும் சுலபமான பாதி என்பது அப்போதுதான் புரியும்.

நாங்கள் முதல் தடவை போனது ஒரு கார்த்திகை மாதம். காலையில் நாமக்கல்லில் கிளம்பி, காரவள்ளியில் தொடங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஒரே மூச்சில் ஏறி, செம்மேட்டில் சாப்பிட்டு, கோயிலில் சாமி கும்பிட்டு, படியில் கால் வைக்கும்போது மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. வளைவுகளிலேயே அம்மாவுக்குத் தலைசுற்றல் வந்து சரியாகச் சாப்பிடவும் இல்லை. நான் அதைக் கவனித்தேன், ஆனால் இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று பேசாமல் இருந்துவிட்டேன். அது என் தப்பு.

இறங்கும்போதே முட்டி வலிக்க ஆரம்பித்துவிட்டது. ஏறுவதுதான் கஷ்டம் என்று நினைப்போம், மூச்சுக்கு அது சரி. முட்டிக்கு இறக்கம்தான் எதிரி. ஒவ்வொரு படியிலும் உடம்பின் மொத்த எடையையும் தொடைச் சதை இழுத்துப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது, கொஞ்ச நேரத்தில் கால் கிடுகிடுவென்று நடுங்க ஆரம்பிக்கும். எப்படியோ கீழே போய்ச் சேர்ந்தோம். அருவியைப் பார்த்ததும் அம்மா முகம் மாறியதை நான் மறக்கவே மாட்டேன். ஏறத்தாழ 300 அடி உயரம், இரண்டு பக்கமும் மலை, நடுவில் அந்த வெள்ளைத் தண்ணீர் பாறையில் மோதிப் புகையாகப் பறந்து வருகிறது. பக்கத்தில் போவதற்கு முன்பே சாரல் முகத்தை நனைத்துவிடுகிறது. மலைமேல் வயல்களுக்கும் தோட்டங்களுக்கும் நடுவே ஓடிவரும் ஓடைகள் சேர்ந்து அய்யாறாகி, மலை முடிகிற விளிம்பில் இப்படி விழுகின்றன. அடிவாரத்தில், திருச்சி மாவட்டத்துப் புளியஞ்சோலையில், பிள்ளைகள் விளையாடிக் குளிக்கிற ஆறும் இதே தண்ணீர்தான்.

அம்மா புடவையோடு சாரலில் நன்றாக நனைந்துவிட்டார். மாற்றுத் துணி வண்டியிலேயே இருந்தது. ஈரப் புடவை காலில் ஒட்டிக்கொண்டு இழுக்க, ஒவ்வொரு படிக்கும் அதைத் தூக்கிப் பிடித்தபடி ஏறுவது எவ்வளவு கொடுமை என்று வேட்டியோ பேண்ட்டோ போடுகிற நமக்குத் தெரியாது. இருநூறு படி ஏறியிருப்போம், கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. கையில் இருந்த தண்ணீரும் தீர்ந்திருந்தது. மேலேயிருந்து இறங்கி வந்த ஒரு குடும்பம் உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு கொடுத்தார்கள். அந்தப் பெரியம்மா படியிலேயே உட்கார்ந்து அம்மாவின் காலை நீவிவிட்டு, "அவசரப்படாதீங்க, பொழுது இருக்குது, மெதுவா ஏறிக்கலாம்" என்று சொன்னார். மேலே வந்து சேர இரண்டரை மணி நேரம் ஆனது.

மேலே வந்ததும் முடவாட்டுக்கால் சூப் குடித்தோம். ஆட்டுக்கால் மாதிரி ரோமம் மூடிய ஒரு கிழங்கு அது, கொல்லிமலையில் பல கடைகளில் சூப்பாக வைத்துக் கொடுப்பார்கள். முட்டிவலிக்கு நல்லது என்று மலைக்காரர்கள் சொல்வார்கள். மிளகு தூக்கலாகப் போட்டிருந்த அந்தச் சூடு அம்மாவுக்கு அப்போது பெரிய ஆறுதலாக இருந்தது. இதைக் குடித்துவிட்டோமே என்று நம்பிப் படி இறங்கிவிடாதீர்கள், அவ்வளவுதான்.

இரண்டாம் தடவை வேறு மாதிரி போனோம். முதல் நாள் சாயங்காலமே மலைக்குப் போய்த் தங்கிவிட்டோம், அதனால் வளைவுகளின் தலைசுற்றல் ஒரு ராத்திரித் தூக்கத்தில் போய்விட்டது. காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு, அனுமதி கொடுக்க ஆரம்பித்ததும் முதல் ஆட்களாக இறங்கினோம். அம்மாவுக்குச் சுடிதார், கையில் ஊன்றுகோல், ஐம்பது படிக்கு ஒரு தடவை உட்கார்வது என்று பேச்சு. பையை வாய்கட்டி முதுகில் மாட்டிக்கொண்டேன், குரங்குகள் கையில் தொங்குகிற கவரைப் பறிக்காமல் விடாது. முக்கியமாக ஒன்று, எங்கே நிற்பது என்பதை அம்மாவே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டேன். பாதிக்கும் மேல் இறங்கி, அருவிச் சத்தம் நன்றாகக் கேட்கிற ஓர் இடத்தில், "எனக்கு இது போதும்ப்பா, நீ போய்ட்டு வா" என்று உட்கார்ந்துவிட்டார். தங்கையைத் துணைக்கு விட்டுவிட்டு நான் மட்டும் கீழே போய் எவர்சில்வர் தூக்கில் அருவித் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தேன். அதில் பாதியைத் தலையில் ஊற்றிக்கொண்டு, மீதியைச் சாமிக்கு என்று வீட்டுக்கு எடுத்து வந்தார்.

அதனால் உங்கள் அம்மாவையும் கூட்டிப் போங்கள், ஆனால் அருவியடி வரைக்கும் போயே ஆக வேண்டும் என்று எண்ணிக்கொண்டு போகாதீர்கள். இதய நோயோ மூச்சுத் திணறலோ இருந்தால் படிப்பக்கமே வேண்டாம். அறப்பளீஸ்வரர் கோயிலையும் பக்கத்து ஓடையையும் பார்த்தாலே அரை நாள் நிறைவாகப் போகும், அந்த ஓடை மீன்களை யாரும் பிடிப்பதில்லை, சாமியாகவே நினைக்கிறார்கள். பெருமழை பெய்திருந்தால் அருவிக்கு விடமாட்டார்கள், அப்படித் தடுத்தால் வாதாடாதீர்கள், தண்ணீர் திடீரென்று கூடிவிடும். கோடையில் தண்ணீர் மெலிந்துவிடும், அவ்வளவு படி இறங்கி ஏறுவதற்கு அது போதாது.

அம்மா இந்த ஆடியில் மறுபடி போகலாமா என்று கேட்கிறார். ஆடி 17, 18 தேதிகளில் வல்வில் ஓரி விழா, மலை முழுக்கக் கூட்டமாக இருக்கும், படியில் நின்று மூச்சு வாங்கக்கூட இடம் கிடைக்காது. புரட்டாசி முடியட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.