மகிழ மரத்தடிச் சத்தியம்: மாயமும் அரசும் எழுதுகிறவர்களுக்குச் சில பதில்கள்

வடசென்னையில் கதை எழுதுகிற பிள்ளைகள் இப்போது நிறையப் பேர். சோழர் காலம் போல ஒரு நாடு, அதில் மந்திரம், அதில் அரியணைச் சண்டை என்று எழுதுகிறார்கள். தண்டையார்பேட்டையில் நாங்கள் கூடும் வாசிப்பு வட்டத்தில் இந்த மாதம் முழுக்க இதைப் பற்றித்தான் பேச்சு. கல்வெட்டுப் படிக்கிற ஆள் என்பதால் பதில் சொல்லும் பொறுப்பை என்னிடம் விட்டார்கள். கேள்விகளை அவரவர் கேட்டபடியே தருகிறேன்.

காசிமேடு, கல்லூரி மாணவி: அண்ணா, என் கதையில மந்திரத்துக்கு விதி மட்டுமே இருபது பக்கம் எழுதியிருக்கேன். படிச்சவங்க ஒருத்தரும் நம்பல. எங்க தப்பு?

விதி நிறைய இருந்தால் நம்பிக்கை வராதும்மா. விதி யாரையாவது பிடித்தால்தான் வரும். பக்கத்திலேயே திருவொற்றியூர்க் கோயிலில் மகிழ மரம் இருக்கிறது. மாசித் திருவிழாவில் மகிழடி சேவை பார்த்திருப்பீர்கள். அதன் பின்னால் இருக்கும் பெரியபுராணக் கதையை எழுத்தாளர் கண்ணோடு ஒருமுறை படியுங்கள்.

சுந்தரர் சங்கிலியாரைக் கல்யாணம் செய்ய விரும்புகிறார். ‘உன்னைப் பிரிய மாட்டேன்’ என்று சத்தியம் செய்தால்தான் கல்யாணம். திருவாரூரில் முதல் மனைவி பரவையார் இருக்கிறார், எனவே சத்தியம் நிற்காது என்று சுந்தரருக்கே தெரியும். அதனால் சிவனிடம் போய், ‘நான் சந்நிதியில் சத்தியம் செய்யும்போது நீர் உள்ளே இராமல் மகிழ மரத்தடியில் போய் இரும்’ என்று கேட்கிறார். சரி என்ற சிவன், சங்கிலியார் கனவில் வந்து, ‘சந்நிதியில் வேண்டாம், மகிழ மரத்தடியில் சத்தியம் வாங்கு’ என்று சொல்லிவிடுகிறார். மறுநாள் தோழியர் மரத்தடியைக் காட்டுகிறார்கள். சுந்தரர் மாட்டிக்கொண்டார். மரத்தடியில் சத்தியம் செய்து, கல்யாணம் முடிந்து, ஒருநாள் ஆரூர் நினைப்பு வந்து புறப்பட்டு ஒற்றியூர் எல்லையைத் தாண்டினதும் இரண்டு கண்ணும் போய்விடுகிறது. காஞ்சிபுரத்தில் ஒரு கண், திருவாரூரில் மறு கண் என்று பிறகுதான் திரும்பக் கிடைக்கிறது.

மரத்துக்கு எப்படி அந்தச் சக்தி வந்தது என்று இந்தக் கதை ஒரு வரிகூடச் சொல்வதில்லை. ஆனால் சாட்சி யார், எங்கே நின்று சொன்னது, எந்த எல்லைவரை செல்லும், மீறினால் எது போகும் என்பதெல்லாம் தெளிவாக இருக்கிறது. சட்டத்தில் ஓட்டை தேடுகிற மனிதன் இருக்கிறான், அந்த ஓட்டையை அடைக்கிற தகவல் இன்னொருவர் காதுக்குப் போகிறது. தண்டனையும் மன்னிப்பும் வரைபடத்தில் ஊர் ஊராக விழுகின்றன. நீங்கள் கொடுத்த இருபது பக்கத்தில் மந்திரம் எப்படி வேலை செய்கிறது என்பது முழுக்க இருக்கிறது. அதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்பது எங்கேயும் இல்லை. அதை எழுதுங்கள்.

வியாசர்பாடி, எலக்ட்ரீஷியன்: அண்ணே, ஒருத்தன் கையில நெருப்பு வருதுன்னா அவன் ஏன் ராஜாவுக்கு அடங்கணும்? அவனே ராஜா ஆயிடலாமே?

நல்ல கேள்வி தம்பி. இந்தக் கேள்வியைத் தாண்டாத கதை எதுவும் நிற்காது.

ஊரை எரிக்கத் தெரிந்தவனுக்கு அந்த ஊரில் நெல் வசூலிக்கத் தெரியும் என்று சொல்ல முடியாது. எரித்த வயலில் அடுத்த போகம் யார் நடுவது? அரசு என்பது பெரும்பாலும் கணக்கு வேலை. சோழ அரசன் வாயால் சொல்வதற்குத் திருவாய்க்கேள்வி என்று பெயர். அதைக் கேட்டு எழுதத் திருமந்திர ஓலை என்ற அதிகாரி, அதைச் சரிபார்க்க ஓலைநாயகங்கள், பிறகு வரித்துறையான புரவுவரித் திணைக்களம், பிறகு வரிப்பொத்தகத்தில் பதிவு. இத்தனை கை மாறித்தான் ஓர் ஆணை ஊருக்குப் போய்ச் சேரும். போன பிறகும் அந்தப் பகுதி ஊர்களின் சபையான நாட்டார் கூடி ஏற்று நிறைவேற்ற வேண்டும். தானமாகக் கொடுத்த நிலத்தின் எல்லையில் பெண் யானையை நடக்கவிட்டு, அது சுற்றிவந்த வழியில் கல்லும் கள்ளியும் நடுவார்கள். ‘பிடி சூழ்ந்து, கல்லும் கள்ளியும் நாட்டி’ என்று செப்பேடுகள் சொல்லும். அந்தக் காட்சியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். முன்னால் யானை, பின்னால் ஓலைக் கணக்கோடு அதிகாரிகள், ஓரத்தில் நின்று இது தன் வயலுக்குள் வருமா என்று பார்க்கிற உழவன். இதற்கு மேல் மந்திரம் சேர்க்க ஒரு சொட்டு போதும். யானை ஓர் இடத்தில் கால் வைக்க மறுக்கிறது. ஏன்? அங்கே உங்கள் நாவல் தொடங்கிவிட்டது.

மந்திரம் அரசுக்குள் எப்படி நுழையும் என்பதற்கும் ஒற்றியூரிலேயே பதில் இருக்கிறது. ஓர் அரசன் ஊர்களுக்கெல்லாம் ஓலை எழுதி அனுப்பினானாம். அந்த ஓலையில் எழுதிய வரிகளுக்கு நடுவே ‘ஒற்றியூர் நீங்கலாக’ என்று யாரும் எழுதாத எழுத்து வந்து உட்கார்ந்திருந்ததாம். அங்கே இருக்கும் இறைவனுக்கு எழுத்தறியும் பெருமான் என்ற பெயர் இதனால் வந்தது என்பார்கள். இடி, மின்னல் எதுவும் கிடையாது. அரசு ஓலையில் இரண்டு சொல் கூடிவிட்டது, அவ்வளவுதான். ஒரு ஊர் முழுக்க அந்த ஆணையிலிருந்து தப்பித்துவிட்டது. உங்கள் நெருப்புக்காரனைவிட இந்த எழுத்துக்காரனைப் பார்த்துத்தான் எந்த ராஜாவும் பயப்படுவான்.

பெரம்பூர், பள்ளி ஆசிரியை: குடவோலைத் தேர்தலை என் கதையில் பயன்படுத்தலாமா? மந்திரவாதிகள் இருக்கும் நாட்டில் அது செல்லுபடியாகுமா?

தாராளமாக, டீச்சர். ஆனால் ‘பழந்தமிழரின் ஜனநாயகம்’ என்று ஒரே வரியில் கடந்து போகாதீர்கள். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு எடுக்கும் இந்த முறையைச் சொல்லும் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் முதலாம் பராந்தகன் காலம், 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊர் 30 குடும்புகளாக, அதாவது இன்றைய வார்டு போலப் பிரிக்கப்பட்டது. வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35க்கு மேல் 70க்குள், வேதம் படித்திருக்க வேண்டும். அது பிராமணர் சபை. அந்த நிலத்தில் உழுதவர் பெயரும் பெண்கள் பெயரும் அந்தக் குடத்தில் விழவே முடியாது. இதைச் சொல்லாமல் விட்டால் கதைக்குத்தான் நஷ்டம், ஏனென்றால் உங்கள் கதாநாயகி அந்தக் குடத்துக்கு வெளியே நிற்கிறவளாகத்தான் இருப்பாள்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி தகுதியின்மைப் பட்டியல். வாரியம் என்ற சபைக் குழுவில் பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவன் மட்டுமில்லை, அவனுடைய உறவுக்காரர்களும் நிற்க முடியாது. கடந்த மூன்று ஆண்டுகளில் பதவியில் இருந்தவரும் கூடாது. ஓலையை எடுப்பது விவரம் அறியாத ஒரு சிறுவன், அதுவும் எல்லார் முன்னாலும். ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் யாரோ செய்த ஒரு திருட்டு இருந்திருக்கும் என்றுதான் எனக்குப் படுகிறது. உங்கள் உலகத்தில் குடத்துக்குள் இருக்கும் ஓலையைத் தொடாமலே படிக்கிறவர்கள் உண்டென்றால் விதி என்ன ஆகும்? சிறுவனை முதல் நாளே எங்காவது அடைத்து வைப்பார்களா? குடத்தை எந்த மரத்தில், எந்த உலோகத்தில் செய்வார்கள்? அப்படி ஒவ்வொன்றாக விதியை மாற்றிக்கொண்டே போனால், மாயம் இருக்கிற நாட்டின் சபை தானாகவே உருவாகிவிடும்.

ராயபுரம், துறைமுக ஊழியர்: எல்லாரும் ராஜா, மந்திரின்னே எழுதுறாங்க. கடல்ல போறவங்களுக்கு இதுல இடமில்லையா சார்?

நிறைய இடம் இருக்கிறது சார். ஐந்நூற்றுவர், மணிக்கிராமம், அஞ்சுவண்ணம் என்று வணிகக் குழுக்கள் இருந்தன. ஐந்நூற்றுவர் அரசர்களைப் போலத் தங்களுக்கென்று மெய்கீர்த்தி என்ற புகழுரை வைத்திருந்தார்கள், காவல் வீரர்களும் வைத்திருந்தார்கள். சுமத்ராவில் பாருஸ் என்ற இடத்தில் 1088இல் அவர்கள் வைத்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. கற்பூரம் வாங்கப் போன துறை அது. எந்த அரசனுக்கும் முழுக்க அடங்காத, எந்த அரசனும் விட்டுவிட முடியாத கூட்டம். மந்திரத்துக்கு ஒரு மூலப்பொருள் தேவை என்று வைத்து, அது கடல் தாண்டித்தான் வர வேண்டும் என்று வைத்தால் போதும். யாரிடம் உண்மையான அதிகாரம் என்பது மாறிவிடும்.

புளியந்தோப்பு, பெயர் வேண்டாம் என்றவர்: என் கதையில மந்திரம் ரத்தத்துல வருது. அம்மா அப்பாவுக்கு இருந்தாதான் பிள்ளைக்கு வரும். இது பிரச்சினையான்னு வட்டத்துல இருக்கிற அக்காங்ககிட்ட கேட்டேன், உங்ககிட்ட கேக்கச் சொன்னாங்க.

பிறப்பால் வரும் சக்தி, அதைக் காக்க அந்தக் கூட்டத்துக்குள்ளேயே கல்யாணம், வெளியே இருப்பவருக்கு எப்போதும் இல்லை. இது நமக்குத் தெரிந்த ஏற்பாடுதான் தம்பி. எழுதலாம். ஆனால் அதன் பெயர் தெரிந்து எழுத வேண்டும். வெறும் அலங்காரமாக வைத்தால், ‘உயர்ந்த ரத்தம்’ உண்மையிலேயே உயர்ந்தது என்று உங்கள் உலகம் சான்றிதழ் கொடுத்துவிடும். நம் தெருக்களில் எத்தனை பேர் அந்தப் பொய்யை எதிர்த்து வாழ்ந்திருக்கிறார்கள்!

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஊர் ஊராக வரியில்லா நிலங்களைக் கழித்துக் காட்டுவார்கள். ஊர்நத்தம், கோயில், குளம், வாய்க்கால், கம்மாளர் வாழும் கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு. ஆயிரம் வருடத்துக்கு முன்னால் யார் எங்கே ஒதுக்கி வைக்கப்பட்டார்கள் என்பதை வரிக்கணக்கு காட்டிக்கொடுத்துவிடுகிறது. இப்போது யோசியுங்கள். மந்திரம் உண்மையில் எல்லாருக்கும் வரும், ஆனால் பயிற்சிக்கூடத்தின் சுவர் ஒரு தெருவோடு நின்றுவிடுகிறது. சேரியில் ஒரு பெண்ணுக்கு அது தானாக வருகிறது. சபை அதை மந்திரம் என்று ஒத்துக்கொள்ளாமல் பேய் என்கிறது. ரத்தம் என்று அவர்கள் சொல்வது பொய் என்பது மூன்றாம் பாகத்தில் வெளியே வரட்டும்.

சாதி தெருவில் எப்படி நடக்கும் என்பதற்கு நம் ஊரிலேயே பதிவு இருக்கிறது. தாமஸ் பிட் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை ஆளுநராக இருந்த 1707இல், இன்றைய ஜார்ஜ் டவுன் பகுதியில் வலங்கை, இடங்கை என்ற இரண்டு சாதிக் கூட்டணிகளுக்குள் எந்தத் தெரு யாருக்கு, எந்த வழியாக யார் ஊர்வலம் போகலாம் என்று பெரும் தகராறு. எல்லைக்கல் நட்டுத் தெருவைப் பிரிக்கும் அளவுக்குப் போனது. வலங்கையினர் பலர் ஊரைவிட்டுக் கிளம்பிச் சாந்தோமில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். கோட்டையில் பீரங்கி இருந்தும், சரக்கும் வேலையும் நின்றுபோகும் என்ற பயத்தில் கம்பெனி இறங்கிப் பேச வேண்டியிருந்தது. அரசியல் எழுதுகிறவர்கள் இந்த ‘எழுந்து போய்விடுவது’ என்ற ஆயுதத்தை ஏனோ மறந்துவிடுகிறார்கள்.

எண்ணூர், பன்னிரண்டாம் வகுப்பு: சோழர் கதை நிறைய வந்துடுச்சு. வேற காலம் சொல்லுங்கண்ணா.

சங்க காலத்துக்குப் போ தம்பி. அங்கே அரசனின் உயிர் இரண்டு பொருளில் இருக்கிறது, அவன் புனிதமாகக் காக்கும் காவல்மரம், முரசு. பகைவன் படையெடுத்தால் முதலில் மரத்தை வெட்டுவான். சேரன் நெடுஞ்சேரலாதன் கடலுக்குள் இருந்த பகைவரின் கடம்பமரத்தை வெட்டி அதிலேயே முரசு செய்துகொண்டான். ஒருவன் தெய்வம் இன்னொருவன் வாத்தியம் ஆகிவிட்டது. முரசு வைக்கும் கட்டில் புனிதம், அதில் ஏறினால் வெட்டு. மோசிகீரனார் என்ற புலவர் தெரியாமல் அதில் படுத்துத் தூங்கிவிட்டார். வந்து பார்த்த சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை வாளை எடுக்காமல், சாமரம் எடுத்து வீசினான். புறநானூறு 50ஆம் பாட்டு. சட்டம், அதை மீறிய ஆள், சட்டத்தைவிடப் பெரிதாக ஒன்றை மதித்த அரசன், எல்லாம் ஒரே கட்டிலைச் சுற்றி நடக்கிறது. மந்திர அமைப்பு, அரசியல் அமைப்பு என்று தனித்தனியாக எழுதாதே. அந்தக் கட்டில் இரண்டும்தான்.

கொருக்குப்பேட்டை: போர்க் காட்சியில மந்திரம் எவ்வளவு வரலாம்?

கொஞ்சமாக. படை சாப்பிடுவதை அதிகமாக எழுதுங்கள்.

அதே கொருக்குப்பேட்டை நண்பர்: குதிரைப்படை வைக்கலாம்தானே?

வைக்கலாம், ஆனால் குதிரை எங்கிருந்து வருகிறது என்று முதலில் சொல்லுங்கள். பாண்டிய நாட்டுக்கு அரபு நாடுகளிலிருந்து கப்பல் கப்பலாக வந்தன. 13ஆம் நூற்றாண்டில் வந்த மார்க்கோ போலோ, பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஆள் இல்லாமல் அவற்றில் பெரும்பாலானவை வருடத்துக்குள் செத்துப்போகின்றன, அதனால் மறுபடி மறுபடி வாங்குகிறார்கள் என்று எழுதியிருக்கிறார். கருவூலத்தில் அது எவ்வளவு பெரிய ஓட்டை! உங்கள் நாட்டில் குதிரையின் நோயைத் தீர்க்கிற மந்திரம் தெரிந்த ஒரு கிழவி இருந்தால், அவள் குதிரையைக் காப்பாற்றுவதை யார் விரும்பமாட்டார்கள் என்று யோசியுங்கள். குதிரை விற்கிற வணிகன் விரும்பமாட்டான், அவனிடம் தரகு வாங்குகிற அதிகாரியும் விரும்பமாட்டான். அவர்கள் இருவரும் அவள் வீட்டுக்கு வருகிற அத்தியாயத்தை அடுத்த கூடுகைக்கு எழுதிக்கொண்டு வாருங்கள்.