கட்டி என்ற ஒரு சொல்

அன்புள்ள ஐயா,

கல்லீரலில் ஏழு சென்டிமீட்டர் ரத்தக்குழாய்க் கட்டியோடு வாழ்வதாக முன்பு ஒரு கட்டுரையில் குறிப்பிட்டிருந்தீர்கள். எனக்கு 42 வயது. வயிற்றுவலிக்காக ஸ்கேன் எடுத்ததில், கல்லீரலில் மூன்று சென்டிமீட்டர் அளவில் 'ஹீமாஞ்சியோமா' இருக்கிறது என்று தெரிந்தது. சிடி ஸ்கேனிலும் அதையே உறுதிசெய்தார்கள். "ஒன்றும் செய்ய வேண்டாம்" என்று இரண்டே நிமிடத்தில் டாக்டர் அனுப்பிவிட்டார். கட்டியை வைத்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது? இரண்டு மாதமாகத் தூக்கமில்லை. வீட்டில் ஆளுக்கொரு பத்தியம் சொல்கிறார்கள்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அக்குளில் சீழ் வைத்தாலும் கட்டி, புற்று வந்தாலும் கட்டி. நம் வீடுகளில் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்தான். பாதித் தூக்கத்தை அதுவே பறித்துவிடுகிறது. உங்களிடம் இருப்பது, ரத்தக்குழாய்கள் பின்னிப் பஞ்சுபோல் ஆகிவிட்ட ஒரு முடிச்சு. கல்லீரலில் வரும் தீங்கற்ற கட்டிகளில் இதுதான் மிகச் சாதாரணம். பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. இது புற்றாக மாறுவதில்லை. டாக்டர் சொன்னது சரி. ஆனால் இதைச் சொல்ல இன்னும் பத்து நிமிடம் உங்களோடு உட்கார்ந்திருக்க வேண்டும். அதில் எனக்குக் கோபம் உண்டு.

எனக்குக் கண்டுபிடித்தபோது, ஊசியால் சதை எடுத்துப் பரிசோதிக்க ஒரு மருத்துவமனையில் தேதியே குறித்துவிட்டார்கள். வேறொரு மூத்த மருத்துவர் தடுத்தார். ரத்தம் நிறைந்த முடிச்சில் ஊசி ஏற்றினால் ரத்தக்கசிவு ஏற்படக்கூடும். பெரும்பாலும் அதற்குத் தேவையும் இல்லை. சிடி எடுக்கும்போது ரத்தக்குழாயில் செலுத்தும் மருந்து முதலில் கட்டியின் ஓரத்தில் திட்டுத்திட்டாகப் பிடிக்கும், பிறகு மெல்ல நடுவை நோக்கி நிரம்பும். பெரும்பாலும் அதை வைத்தே இது ஹீமாஞ்சியோமா என்று சொல்லிவிடலாம். அந்தப் படங்களை அவர் வரிசையாகக் காட்டி விளக்கிய அன்றிரவுதான் நான் தூங்கினேன்.

பத்தியத்தால் இது சுருங்காது. நீங்கள் உண்ட எதனாலும் வந்ததும் அல்ல. ஈரலுக்கு நல்லது என்று யாராவது லேகியம் நீட்டினால் தயவுசெய்து வாங்காதீர்கள். நன்றாக இருக்கும் ஈரலை அது கெடுத்துவிடக்கூடும். எனக்கு வயிறு முட்ட உண்டால் வலது விலாவுக்குக் கீழே கனக்கும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுகிறேன், அவ்வளவுதான்.

என் கவலை உங்கள் வலியைப் பற்றியது. மூன்று சென்டிமீட்டர் ஹீமாஞ்சியோமா பொதுவாக வலி தராது. பித்தப்பையோ இரைப்பையோ காரணமாக இருக்கலாம். பழியைக் கட்டியின்மேல் போட்டுவிட்டு உண்மையான காரணத்தைத் தேடாமல் விட்டுவிடக்கூடாது. இந்த வாரமே திரும்பப் போய், "அப்படியானால் என் வலி எதனால்?" என்று கேளுங்கள். பதில் கிடைக்கும்வரை எழுந்து வராதீர்கள். ஸ்கேன் படங்களையும் எடுத்துச் செல்லுங்கள்.

அன்புடன்