தொலைநோக்கியின் கால் – கடிதம், பதில்

அன்புள்ள சார்,

ஆந்திராவின் குப்பம் ஊரில் உரக்கடை வைத்திருக்கிறேன். வீட்டில் தமிழ், கடையில் தெலுங்கு. மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். ஜவ்வாது மலை இரவுகளைப் பற்றி நீங்கள் எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். அன்றிலிருந்து டெலஸ்கோப் வேண்டும் என்று ஒரே நச்சரிப்பு. ஆன்லைனில் இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 60 மி.மீ. லென்ஸ், 675 மடங்கு பெரிதாகக் காட்டும் என்று போட்டிருக்கிறார்கள். இன்னொன்று லென்ஸுக்குப் பதில் 114 மி.மீ. கண்ணாடி, ஈக்வடோரியல் ஸ்டாண்டோடு வருகிறது, விலை அதிகம். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு எது சரி? போனை வைத்துப் படம் எடுக்கலாமா? அவள் பிறந்தநாளுக்குள் வாங்கிவிட நினைக்கிறேன். இதில் ஜென்ம நட்சத்திரம் தெரியுமா என்று அம்மா கேட்கச் சொன்னார்.

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்திலேயே நல்ல கேள்வி அம்மா கேட்டதுதான். தெரியும் என்று சொல்லுங்கள். டெலஸ்கோப் இல்லாமலே தெரியும். கேட்டை என்றால் ஜூன், ஜூலையில் இருட்டியதும் தெற்கே சிவப்பாக நிற்கும். சித்திரை, சுவாதி, மகம், ரோகிணி எல்லாம் வெறும் கண்ணுக்கே பளிச்சென்று கிடைப்பவை. மொட்டை மாடியில் பாயை விரித்துப் பாட்டியும் பேத்தியும் கொஞ்ச நாள் இவற்றைத் தேடிப் பழகட்டும். வானத்தில் எது எங்கே என்று தெரியாமல் எந்தக் கருவியை வாங்கினாலும் எதிர்வீட்டுத் தண்ணீர் டேங்கைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

போனில் நிலாவைப் படம் எடுக்கலாம். அதற்கு மேல் இப்போது ஆசைப்பட வேண்டாம். பிறந்தநாள் எப்போது என்று எழுதவில்லை. ஐப்பசி, கார்த்திகை என்றால் பரிசைப் பிரித்துவிட்டு மேகத்தைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். தையிலிருந்து சித்திரை வரைதான் நம் பக்கத்து வானம் நம்முடையது.

அப்புறம் அந்த 675. நீங்கள் உரக்கடைக்காரர். மூட்டையின் மேல் கொட்டை எழுத்தில் அச்சடித்திருப்பதை நம்பியா சரக்கு எடுக்கிறீர்கள்? கணக்கு எளிது. அந்த டெலஸ்கோப்பின் 900 மி.மீ. குவியத்தூரத்தை (லென்ஸிலிருந்து பிம்பம் விழும் இடம் வரை உள்ள தூரம்), கண் வைத்துப் பார்க்கிற 4 மி.மீ. ஐபீஸால் வகுத்தால் 225. நடுவில் அதை மேலும் மூன்று மடங்காக்கும் பார்லோ லென்ஸைச் செருகினால் 675. பொய் இல்லை. ஆனால் 60 மி.மீ. லென்ஸ் சேர்க்கிற வெளிச்சம் 120 மடங்குக்கு மேல் தாங்காது. அதைத் தாண்டினால் கலங்கல்தான். கலிலியோ 1610-இல் வியாழனின் நிலவுகளைக் கண்டது ஏறக்குறைய 20 மடங்கில். எத்தனை மடங்கு என்று விளம்பரம் செய்கிற பெட்டியைத் தொடவே தொடாதீர்கள்.

இதெல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள். ஸ்டாண்டைப் பற்றி மட்டும் யாரும் வாயைத் திறப்பதில்லை. நீங்களும் லென்ஸ் அளவு எழுதினீர்கள், கண்ணாடி அளவு எழுதினீர்கள், அந்த 60 மி.மீ. எதன் மேல் நிற்கிறது என்று ஒரு வரி இல்லை.

பேர்ணாம்பட்டுப் பக்கம் நான் படித்த பள்ளிக்கு ஒருமுறை வெளியூரிலிருந்து டெலஸ்கோப் கொண்டுவந்தார்கள். விளையாட்டு மைதானத்தில் வரிசை, வாத்தியார் கையில் பிரம்பு. குச்சி குச்சியான அலுமினியக் கால்கள், மேலே குழாய். குழந்தைக்கு எதையும் பிடித்துக்கொள்ளாமல் குனிந்து பார்க்கத் தெரியாது. ஒவ்வொருவனும் குழாயைப் பிடித்தான். ஒவ்வொருவனுக்கும் முதுகில் ஒன்று விழுந்தது. என் முறை வந்தபோது மஞ்சளாக ஒரு பொட்டு மேலும் கீழும் கிடுகிடுவென்று ஆடிவிட்டு ஓரமாக நழுவிப் போய்விட்டது. “சனியோட வளையம் தெரிஞ்சுதா?” என்றார் வாத்தியார். “தெரிஞ்சுது சார்.” எனக்கு முன்னால் நின்றவனும் அதையேதான் சொன்னான், பின்னால் வந்தவளும் அதையேதான் சொன்னாள். எனக்குக் கண் சரியில்லை என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு நண்பர் வீட்டு மாடியில், அதைவிடப் பெரிதும் இல்லாத ஒரு டெலஸ்கோப்பில், அசையாமல் நின்ற சனியைப் பார்த்தேன். நகக்கண் அளவுகூட இல்லை. வளையம் அத்தனை தெளிவு.

நூறு மடங்கு பெரிதாக்கினால் கை நடுக்கமும் நூறு மடங்காகும். அதோடு பூமி சுற்றுகிறது. அந்த உருப்பெருக்கத்தில் கண்ணுக்குக் கிடைப்பது அரை டிகிரி வானம். சனி அதை இரண்டே நிமிடத்தில் கடந்துவிடும். நீங்கள் பார்த்துவிட்டு மகளைக் கூப்பிட்டு, அவள் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வருவதற்குள் அது போயிருக்கும். மறுபடி குழாயை நகர்த்த வேண்டும். நகர்த்திக் கையை எடுத்ததும் ஆட்டம் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் உங்கள் மகளும் “தெரியுதுப்பா” என்றுதான் சொல்வாள். அப்பா காசு போட்டு வாங்கியது என்று அவளுக்குத் தெரியும். அடுத்த வாரம் டெலஸ்கோப் பரண் ஏறும், காரணம் கடைசிவரை உங்களுக்குத் தெரியாது.

சரி, ஈக்வடோரியல் ஸ்டாண்டுக்கு வருவோம். நல்ல யோசனைதான், ஆனால் ஐரோப்பாக்காரனுக்கு. அதன் ஓர் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கித் திருப்பி வைத்தால், அந்த ஒரு அச்சை மட்டும் சுழற்றி வானத்தின் ஓட்டத்தோடு போகலாம். அங்கே துருவ நட்சத்திரம் பாதி வானத்தில் நிற்கிறது. குப்பத்தில் அது அடிவானத்திலிருந்து 13 டிகிரிகூட இல்லை. உங்கள் வீட்டுக்கு வடக்கே ஒரு மாமரமோ மாடிவீடோ இருந்தால் தீர்ந்தது. தெரிந்தாலும், அச்சை அவ்வளவு தாழ்த்தினால் மலிவான ஸ்டாண்டுகளில் குழாயின் எடைக்கு ஈடாக எடைக்கல் மாட்டிய கம்பி கீழே இருக்கும் காலில் இடிக்கும். வாங்கின பலர் அதோடு மல்லுக்கட்டிவிட்டு விட்டுவிட்டார்கள். 114 மி.மீ. கண்ணாடியைக் குறை சொல்ல மாட்டேன். அதன் காலைத்தான் சொல்கிறேன்.

டாப்சோனியன் வகை டெலஸ்கோப் என்று கேட்டுப் பாருங்கள். ஜான் டாப்சன் 1915-இல் பெய்ஜிங்கில் பிறந்தவர். 1944-இல் சான்பிரான்சிஸ்கோ வேதாந்த சங்கத்தில் துறவியாகச் சேர்ந்தார். கப்பல் ஜன்னல் கண்ணாடியைத் தேய்த்து டெலஸ்கோப் செய்து, அதைத் தள்ளிக்கொண்டு போய்த் தெருவில் போவோர் வருவோருக்கெல்லாம் நிலாவைக் காட்டினார். 1967-இல் மடத்தை விட்டு அனுப்பிவிட்டார்கள். அவருக்கு அதுவும் நல்லதாகப் போயிற்று, முழுநேரமும் தெருவுக்கே வந்துவிட்டார். (நம்மூரில் வேதாந்தம் படித்தவர்கள் வானத்தை அண்ணாந்து பார்ப்பதே அபூர்வம்.) அவர் வடிவமைத்த ஸ்டாண்டில் முக்காலியே கிடையாது. தரையில் உட்காரும் மரப்பெட்டி, அதற்குள் குழாய், அவ்வளவுதான். தள்ளினால் நகரும், விட்டால் அந்த இடத்திலேயே நிற்கும். குழந்தை பிடித்துக்கொண்டு பார்க்கலாம், யாரும் முதுகில் அடிக்க வேண்டாம். ஆறு அங்குலக் கண்ணாடி வைத்தது ரெடிமேடாகவே கிடைக்கிறது. கண்ணாடியை மட்டும் வாங்கினால் பெட்டியை உங்கள் ஊர் ஆசாரியே செய்துவிடுவார். நல்ல பிளைவுட், அடியில் சன்மைக்கா, அதன் மேல் வழுக்கிச் சுற்ற மூன்று டெஃப்லான் துண்டு.

அதற்குக் காசு சேரும்வரை 10x50 பைனாகுலர் (பத்து மடங்கு, 50 மி.மீ. லென்ஸ்) போதும். முழங்கையைக் கைப்பிடிச் சுவரில் ஊன்றிக்கொண்டு பார்க்கச் சொல்லுங்கள் (இங்கேயும் கால்தான் முக்கியம்). ஏப்ரல், மே இரவுகளில் தெற்கே ஒமேகா செண்டாரி என்ற நட்சத்திரக் கூட்டம் பஞ்சுருண்டைபோல் தெரியும். ஐரோப்பாவில் பெரும்பாலானோருக்கு அது அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. தென்வானம் இப்படிக் கிடைக்கிறது என்பதும் ஜவ்வாது மலையில் உள்ள காவலூரில் வானாய்வுக்கூடம் வந்ததற்கு ஒரு காரணம். 1977-இல் யுரேனசின் வளையங்கள் தெரியவந்தபோது அங்கிருந்த ஒரு மீட்டர் டெலஸ்கோப்பிலும் அதைப் பதிவு செய்தார்கள். வாணியம்பாடியில் இறங்கி ஆலங்காயம் வழியாகப் போகலாம். சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிப்பது வழக்கம், விசாரித்துவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். 2.34 மீட்டர் கண்ணாடியை அண்ணாந்து பார்த்துவிட்டு, அது எதன் மேல் நிற்கிறது என்பதையும் அவளுக்குக் காட்டுங்கள்.

இன்னொன்று. இவ்வளவும் கேட்டுவிட்டு நீங்கள் அந்த 675-ஐத்தான் வாங்கப்போகிறீர்கள் என்றால், பெட்டிக்குள் ‘சன் ஃபில்டர்’ என்று ஐபீஸில் திருகுகிற கறுப்புக் கண்ணாடி ஒன்று இருக்கலாம். குவிந்த வெயிலில் அது விரிசல் விட்டால் அந்த நொடியே கண் போய்விடும். பெட்டியைப் பிரித்ததும், அவள் கையில் கொடுப்பதற்கு முன்னால், சுத்தியலால் உடைத்துக் குப்பையில் போட்டுவிடுங்கள்.