ஒரு மொழியா, நாலு மொழியா? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கணினிக்குப் புரோகிராம் எழுதும் மொழிகளில் ஜாவாவில்தான் என் பிழைப்பு, கூடவே பைதானும் சி-யும் எழுதுவேன். கேம், டிசைன் பக்கம் எனக்குப் பழக்கமில்லை, அந்தக் கேள்விகளை அங்கே வேலை பார்ப்பவர்களிடம் கேளுங்கள்.

நெல்லிக்குப்பம், பி.சி.ஏ. இரண்டாம் ஆண்டு: அக்கா, பாடத்தில் சி, சி++, ஜாவா, பைதான் எல்லாமே வருகிறது. எல்லாவற்றையும் படிக்கவா, ஒன்றைப் பிடித்துக்கொள்ளவா?

பரீட்சைக்கு எல்லாவற்றையும் படி தம்பி, வேறு வழியில்லை. ஆனால் உனக்கென்று ஒன்றை வைத்துக்கொண்டு அதன் அடிவரை போ. அடிவரை என்றால் என்ன என்று ஜாவாவிலேயே காட்டுகிறேன். இன்டிஜர் வகையில் (Integer, சாதா int அல்ல) இரண்டு மாறிகளை எடுத்து இரண்டிலும் 127 போட்டு, இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டுப் பார், ட்ரூ என்று வரும். 127-ஐ 128 ஆக்கு, ஃபால்ஸ் வரும். மதிப்பு ஒன்றுதான், விடை மாறிவிட்டது! காரணம், அந்தக் குறி இங்கே மதிப்பைப் பார்ப்பதில்லை, இரண்டும் மெமரியில் இருக்கும் ஒரே பொருள், அதாவது ஒரே ஆப்ஜெக்ட்தானா என்று பார்க்கிறது. -128 முதல் 127 வரை உள்ள எண்களுக்கு ஜாவா ஆப்ஜெக்ட்டுகளை முன்கூட்டியே செய்து வைத்து அதையே திரும்பத் திரும்பக் கொடுக்கிறது, அதைத் தாண்டினால் வழக்கமாகப் புதிது. அதனால்தான் மதிப்பை ஒப்பிட ஈக்வல்ஸ் எழுதச் சொல்கிறோம். இதை "ஏன் இப்படி?" என்று தோண்டிப் பார்த்தவன் நாளைக்குப் பைதானுக்குப் போய் அங்கே ஒரே ஆப்ஜெக்ட்டா என்று பார்க்க 'இஸ்' என்று ஒன்றும் மதிப்பைப் பார்க்க இரட்டைச் சமக்குறி என்று ஒன்றும் தனித்தனியாக இருப்பதைப் பார்த்தால் உடனே புரிந்துகொள்வான். நாலு மொழியிலும் ஃபார் லூப் வரை மட்டும் போனவனுக்கு நாலிலும் அது புதிராகத்தான் இருக்கும்.

வில்லியனூர்: பைதானா, ஜாவாவா?

கல்லூரியில் இப்போது எது நடக்கிறதோ அது. சந்தேகம் கேட்க ஆள் பக்கத்திலேயே இருப்பார்கள்.

பண்ருட்டி, ஒரு தகப்பனார்: ஒரு கோச்சிங் சென்டரில் மூன்று மாதத்தில் ஆறு மொழி, ஆறு சான்றிதழ் என்கிறார்கள். பையனைச் சேர்க்கலாமா மேடம்?

வேண்டாம் ஐயா. பணம் கட்டுவதற்கு முன், அங்கே படித்து முடித்த ஒரு பிள்ளை தானாக எழுதிய புரோகிராம் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

முத்தியால்பேட்டை: சி தெரியாமல் பைதான் படித்தால் அஸ்திவாரமே இருக்காது என்கிறார்களே?

ஒத்துக்கொள்ள மாட்டேன். அமெரிக்காவின் பெல் லேப்ஸ் ஆய்வுக்கூடத்தில் 1972 வாக்கில் டென்னிஸ் ரிட்சி சி-யை உருவாக்கினார், யூனிக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தையே அதில் திருப்பி எழுதினார்கள். அருமையான மொழி. ஆனால் முதல் மாதமே, மெமரி முகவரியை வைத்து வேலை செய்யும் பாயின்டரில் மாட்டி, நமக்கு இது வராது என்று ஒதுங்கிய பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

திருப்பாதிரிப்புலியூர், சி நடத்தும் ஆசிரியர்: அது சரியில்லை மேடம். பைதானில் தொடங்கியவர்கள், பி-யில் ஏ-வைப் போட்டுவிட்டு பி லிஸ்ட்டில் ஒன்றைச் சேர்த்தால் ஏ-வும் ஏன் மாறுகிறது என்று கேட்கிறார்கள். மெமரி தெரியாததால் வந்த வினை.

சார், நீங்கள் சொல்லும் குழப்பம் உண்மை. ஆனால் அதைத் தீர்க்க சி வரை போக வேண்டாம், இரண்டையும், ஆப்ஜெக்ட்டின் அடையாள எண்ணைத் தரும் ஐடி (id) ஃபங்ஷனில் போட்டுக் காட்டினால் ஒரே எண் வரும், ஒரே லிஸ்ட்டுக்கு இரண்டு பெயர் என்று பிள்ளைக்கு அங்கேயே விளங்கிவிடும். அதற்குப் பிறகு பாயின்டரைக் காட்டுங்கள், எதற்கு என்று தெரிந்து படிப்பார்கள்.

அவரே மறுபடியும்: கருவிகளுக்குள் இருக்கும் சின்னச் சிப்புகளுக்குப் புரோகிராம் எழுதும் எம்பெடட் வேலைக்குப் போகிறவர்களுக்கு?

அங்கே நீங்கள் சொல்வதுதான் சரி சார். ஆர்டுயினோ ஊனோ என்ற சின்ன போர்டின் ஆர்3 மாடலில் இருக்கும் ரேம் வெறும் 2 கிலோபைட், பைதானுக்கு அதில் இடமில்லை. அந்தப் பிள்ளைகள் சி-யிலேயே தொடங்கட்டும். மற்றவர்களைக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்பதுதான் என் வாதம், அதில் மாற்றமில்லை.

லாஸ்பேட்டை: பைதானா, ஜாவாவா?

வில்லியனூருக்குச் சொன்னதைப் பாருங்கள்.

நெய்வேலி: ஒன்றையே நம்பி இருந்து, அது வழக்கொழிந்து போனால்?

1959-இல் பிறந்த கோபால் (COBOL) மொழியை இன்னும் வங்கிகள் ஓட்டிக்கொண்டிருக்கின்றன, அவ்வளவு சீக்கிரம் எதுவும் போய்விடாது. ஆனால் காற்று மாறும். ஆண்ட்ராய்டுக்கு இனி கோட்லின் என்ற மொழிக்கே முதலிடம் என்று கூகுள் 2019-இல் அறிவித்தது. ஜாவாவை நன்றாகத் தெரிந்தவர்களுக்கு அது பெரிய சிரமமாக இல்லை, ஏனென்றால் கோட்லினிலிருந்து ஜாவா லைப்ரரிகளை அப்படியே கூப்பிடலாம். வீடியோவைப் பார்த்து அப்படியே தட்டிக்கொண்டிருந்தவர்கள்தான் முதலிலிருந்து தொடங்கினார்கள். ஆறு சான்றிதழ்காரர்களுக்கும் அதே கதிதான், மறுபடியும் சொல்கிறேன், அங்கே பணம் கட்டாதீர்கள்.

அரியாங்குப்பம்: எஸ்கியூஎல் கணக்கில் வருமா?

எந்த மொழி எடுத்தாலும், டேட்டாபேஸிடம் தகவல் கேட்கும் எஸ்கியூஎல் கூடவே வேண்டும். தனியாக எண்ண வேண்டாம்.

சிதம்பரம்: பைதான், ஜாவா இரண்டில் எதற்குச் சம்பளம் அதிகம்?

திரும்பவும் இதுவா? மொழியின் பெயரை வைத்துச் சம்பளம் சொல்ல எனக்குத் தெரியாது. நீங்கள் போக நினைக்கும் வேலைக்கான விளம்பரங்களை வரிசையாகப் படியுங்கள்.

கடலூர் முதுநகர், இறுதியாண்டு: ஜாவாவில் ஓரளவு கை வந்துவிட்டது அக்கா. இரண்டாவதாக எதை எடுக்கலாம்?

உன் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன் பாப்பா. சி-ஷார்ப் வேண்டாம், அது ஜாவாவின் ஜாடையிலேயே இருக்கும், புதிதாக யோசிக்க வைக்காது. சி எடு. புதுப் பயிற்சி எதையும் தேடாமல், ஜாவாவில் நீயே எழுதிய ஒன்றைத் திருப்பி எழுது. ஒரு ஃபைலைப் படித்து எந்த வார்த்தை எத்தனை தடவை வந்திருக்கிறது என்று எண்ணுகிற புரோகிராம் இதற்குப் போதும். ஜாவாவில், வார்த்தையையும் அதன் எண்ணிக்கையையும் ஜோடியாக வைத்துக்கொள்ளும் ஹேஷ்மேப் உன் வேலையைப் பாதியாக்கியிருக்கும், சி-யில் அதை நீயே கட்ட வேண்டும், மாலாக் ஃபங்ஷனில் கேட்டு வாங்கிய மெமரியை நீயே ஃப்ரீ செய்து திருப்பிக் கொடுக்கவும் வேண்டும். எங்கே மாட்டிக்கொண்டாய் என்று, எழுதிய புரோகிராமோடு அனுப்பு, பார்க்கிறேன்.