முதலையைக் கவிழ்த்துப் பாருங்கள்

கேள்வி: கோப்பிங்கன் பக்கம் குடியிருக்கிறோம். என் கணவருக்கு அடுத்த மாதம் அறுபது நிறைகிறது. 1985-இல் ஜெர்மனிக்கு வந்த புதிதில், கைஸ்லிங்கன் ஸ்டேஷனில் நின்று, சரக்கு ரயில்களைப் பின்னாலிருந்து மேட்டில் தள்ளிப் போகும் பச்சை நிற மின்சார இன்ஜினை வேடிக்கை பார்ப்பாராம். அதன் மாடலைப் பரிசாகத் தர ஆசை. பழம்பொருள் சந்தையில் ஒருவர் ‘ஈ 94’ என்ற இன்ஜினைப் பெட்டியில்லாமல் 90 யூரோவுக்குத் தருகிறார். கடையில் அதே ‘ஈ 94’ புதியது 390 யூரோ. அவருடைய பழைய தண்டவாளமும் ட்ரான்ஸ்ஃபார்மரும் பரணில் இருக்கின்றன. எதை வாங்கலாம்?

பதில்: இரண்டையும் வாங்க அவசரப்பட வேண்டாம். இன்ஜின் என்னவோ அதுதான், எண்தான் வேறு. மேற்கு ஜெர்மனியின் ரயில்வே 1968-இல் எல்லா இன்ஜின்களுக்கும் கணினிக்கு ஏற்ற புது எண் கொடுத்தபோது ஈ 94 என்பது 194 ஆனது. உங்கள் கணவர் 1985-இல் பார்த்தது 194 என்று எழுதிய வண்டியைத்தான். ஈ 94 என்று பெயர்ப்பலகை வைத்த மாடலைக் கொடுத்தால், ரயில் பைத்தியம் பிடித்தவர் என்றால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த நிமிடமே அதைச் சுட்டிக்காட்டுவார். பெட்டியின்மேல் ‘எபோக் 4’ என்று இருந்தால் அவருடைய காலம். ‘எபோக் 3’ அதற்கு முந்தியது. 254 என்ற எண் கிழக்கு ஜெர்மனிக்கும், 1020 ஆஸ்திரியாவுக்கும் உரியவை. அவையும் இதே இன்ஜின்தான் என்று விற்பவர் சொல்வார், பொய்யும் அல்ல. ஆனால் கைஸ்லிங்கன் நினைவுக்கு அவை ஒட்டாது.

அந்த மேடு சாதாரணமானதல்ல. கைஸ்லிங்கனிலிருந்து ஆம்ஸ்டெட்டன் வரை ஆயிரம் மீட்டருக்கு 22.5 மீட்டர் ஏற்றம்; 1850-இல் போட்ட பாதை. 1940 முதல் கட்டப்பட்ட இந்த இன்ஜின் இதுபோன்ற மேடுகளில் கனமான சரக்கு இழுப்பதற்கென்றே பிறந்தது. ஆறு அச்சு, நடுவில் ஓட்டுநர் அறைகளோடு உடல், இருபுறமும் நீண்ட மூக்கு. சுவிட்சர்லாந்தின் புகழ்பெற்ற ‘முதலை’யை நினைவூட்டியதால் இதற்கு ‘ஜெர்மன் முதலை’ என்று பெயர். மேற்கு ஜெர்மனியில் 1988-இல் ஓய்வு பெற்றது. அசல் 18.6 மீட்டர் நீளம் என்பதால், 87-இல் ஒரு பங்கான எச்0 அளவில் ஏறக்குறைய 21 சென்டிமீட்டர் வரும்.

இனி பரணுக்குப் போங்கள். தண்டவாளத்தின் நடுவே, ஒவ்வொரு கட்டையிலும் சிறு உலோகப் புள்ளி இருக்கிறதா? இருந்தால் அது உங்கள் ஊர் மெர்க்லின் நிறுவனத்தின் மூன்று தடப் பாணி. அதில் ஓடும் இன்ஜினின் வயிற்றில், பனிச்சறுக்குக் கட்டை போல ஒரு நீளத் தகடு தொங்கும். மின்சாரம் அதன் வழியாகத்தான் ஏறும். புள்ளி இல்லை என்றால் இரண்டு தடப் பாணி. ஒன்றின் இன்ஜின் மற்றதில் ஓடாது. மூன்று தட இன்ஜினை இரண்டு தடத்தில் வைத்தால் ஷார்ட் சர்க்யூட் ஆகும். தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. நீங்கள் காசு கொடுக்கிறீர்கள், தயங்காமல் கவிழ்த்துப் பாருங்கள்.

கவிழ்த்த கையோடு சக்கரத்தில் மாட்டியிருக்கும் ரப்பர் வளையத்தை நகத்தால் தொடுங்கள். கெட்டித்துப்போயிருந்தால் கவலையில்லை, மாற்றச் சில யூரோதான். ஆனால் உலோக வார்ப்பில் முடிபோன்ற விரிசல் தெரிந்தால் அது துத்தநாக நோய். மருந்து கிடையாது, கீழே வைத்துவிடுங்கள். உடைந்த கைப்பிடிக் கம்பி, வளைந்த பான்டோகிராஃப் (மேலே மின்கம்பியைத் தொடும் கூரைக் கரம்) இரண்டும் விலையைக் குறைக்கக் கேட்கும் காரணங்கள். பெட்டி இருந்தால் அதிலுள்ள எண்ணும் வண்டியும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். நான் ஒருமுறை பெட்டியின் படத்தில் மயங்கிப் பணம் கொடுத்து, வீட்டில் திறந்தால் உள்ளே வேறொரு இன்ஜின் படுத்திருந்தது.

சட்டப்படி சந்தையில் விற்கும் தனிநபர் பொறுப்பேற்க மறுக்கலாம். தெரிந்தே குறையை மறைத்தார் என்றால்தான் பிடிக்க முடியும், அதை நிரூபிப்பது உங்கள் பாடு. கடையில் புதியது என்றால் குறைபாட்டுக்கு இரண்டு ஆண்டுப் பொறுப்பு உண்டு, முதல் 12 மாதம் நிரூபிக்கும் சுமை கடைக்காரருடையது. பழைய பொருள் விற்கும் வியாபாரி அந்தப் பொறுப்பை ஓராண்டாகக் குறைக்கலாம், அதற்குக் கீழே போக முடியாது. ஒன்றை மறந்துவிடாதீர்கள்: 14 நாளில் காரணம் சொல்லாமல் திருப்பும் உரிமை, இணையம் போலக் கடைக்குப் போகாமல் வியாபாரியிடம் வாங்கினால்தான். கடையில் நேரில் வாங்கிவிட்டு ‘இது அவருக்குப் பிடிக்கவில்லை’ என்றால் கடைக்காரர் கைவிரிக்கலாம். பரிசு என்பதால், மாற்றித் தருவதாக ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

என் தேர்வு: பழைய மாடல் விற்கும் வியாபாரியிடம், உங்கள் தடத்துக்குப் பொருந்தும் 194. கண் முன்னால் இருபுறமும் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

பரணிலிருக்கும் ட்ரான்ஸ்ஃபார்மர் 220 வோல்ட் காலத்து நீலப் பெட்டி என்றால் அதை அங்கேயே விட்டுவிடுங்கள். இன்றைய மின்சாரம் 230 வோல்ட். அந்தப் பெட்டியில் திசை மாற்றும்போது எழும் மிகை மின்னழுத்தம் டிஜிட்டல் மாடலின் டிகோடரை, அதாவது உள்ளிருக்கும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பலகையை, கருக்கிவிடலாம்.

கேள்வி: மேலே மின்கம்பி கட்டாமல் மின்சார இன்ஜின் மாடல் ஓடுமா?

பதில்: ஓடும். மின்சாரம் தண்டவாளத்திலிருந்து வருகிறது. பான்டோகிராஃப் பெரும்பாலும் அழகுக்குத்தான். ஓட்டும்போது மடக்கி வையுங்கள், அலமாரியில் நிறுத்தும்போது உயர்த்திக்கொள்ளலாம்.