பாஸ்போர்ட் ஹோம் ஆபீஸில் இருக்கிறது, மகன் வேலைக்குப் போகலாமா?

மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தகப்பனார் எழுதியிருக்கிறார். அவர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது:

"என் மகன் இங்கிலாந்தில் லெஸ்டரில் ஒரு கேர் ஹோமில் மூன்று வருஷமாக வேலை பார்க்கிறான். விசா முடிய மூன்று வாரம் இருக்கும்போதே அதே கம்பெனி மூலமாக நீட்டிப்புக்குப் போட்டுவிட்டான். ஹோம் ஆபீஸ் (அங்கே விசா, குடியேற்றம் பார்க்கும் அரசுத் துறை) கேட்டதால் அசல் பாஸ்போர்ட்டையும் அனுப்பிவிட்டான். விசா தேதி முடிந்து இன்றோடு 12 நாள். 'பாஸ்போர்ட்டைக் காட்டு, இல்லாவிட்டால் திங்கள்கிழமையிலிருந்து வராதே' என்கிறது கம்பெனி. ஆவணியில் அவன் தங்கைக்குக் கல்யாணம். பேசாமல் பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு ஊருக்கே வந்துவிடச் சொல்லட்டுமா? கும்பகோணத்தில் ஒருவர், பணம் கொடுத்தால் பாஸ்போர்ட்டை வெளியே எடுத்துத் தருகிறேன் என்கிறார்."

ஐயா, முதலில் ஒன்று. பாஸ்போர்ட்டைத் திரும்பக் கேட்டு உங்கள் மகன் எதுவும் எழுதிவிட வேண்டாம். இன்றைக்கே போன் செய்து சொல்லிவிடுங்கள். பயணத்துக்காகப் பாஸ்போர்ட்டைத் திரும்பக் கேட்டால் விண்ணப்பத்தையே வாபஸ் வாங்கியதாக எடுத்துக்கொள்வார்கள். முடிவு வருவதற்கு முன் நாட்டைவிட்டுக் கிளம்பினாலும் அதே கதிதான். அவருடைய பழைய விசா தேதி முடிந்துவிட்டதால், வாபஸ் ஆன அன்றே அங்கே இருக்கவும் வேலை பார்க்கவும் இருக்கும் உரிமை போய்விடும். கட்டிய விண்ணப்பக் கட்டணமும் பெரும்பாலும் திரும்பாது. லண்டனில் குடியேற்ற ஆலோசகராக இருந்த வருஷங்களில் நான் பார்த்த இழப்புகளில் பாதி, இப்படி அவசரத்தில் எழுதிய ஒரு வரிக் கடிதத்தால் வந்தவை.

அடுத்தது வேலை உரிமை. அது பாஸ்போர்ட் என்ற புத்தகத்துக்குள் இல்லை. உங்கள் நிலத்தின் அசல் பத்திரம் டிராக்டர் கடனுக்காகப் பாங்கில் இருக்கிறது என்று வையுங்கள். அதனால் நீங்கள் சாகுபடி செய்வது நின்றுபோகிறதா? நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல் போடும்போது பத்திரத்தையா கேட்கிறார்கள்? சிட்டாவும், கிராம நிர்வாக அலுவலர் கொடுக்கும் அடங்கலும் போதும். நிலம் யாருடையது, என்ன பயிர் நிற்கிறது என்பது அரசாங்கப் பதிவேட்டில் இருக்கிறது, அதற்குச் சாட்சி சொல்ல ஓர் அதிகாரியும் இருக்கிறார். இங்கிலாந்தில் வேலை உரிமையும் அப்படித்தான். பதிவேடு ஹோம் ஆபீஸிடம் இருக்கிறது. சாட்சி சொல்ல ஒரு பிரிவும் இருக்கிறது. அந்தச் சாட்சியைக் கேட்டு வாங்கவேண்டியது உங்கள் மகன் அல்ல, கம்பெனி. இந்த ஒரு விஷயம் தெரியாமல்தான் இரண்டு தரப்பும் மோதிக்கொள்கின்றன.

உங்கள் மகனுக்கு இப்போது விசா இல்லை என்று கம்பெனி நினைக்கிறது. அது தவறு. அந்த நாட்டின் 1971-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தில் 3சி என்று ஒரு பிரிவு உண்டு. விசா உயிரோடு இருக்கும்போதே நீட்டிப்புக்கு விண்ணப்பித்தவருக்கு, முடிவு வரும்வரை பழைய விசாவே, பழைய நிபந்தனைகளோடு, தானாகத் தொடரும். யாரும் கையெழுத்துப் போட்டு அனுமதிக்க வேண்டியதில்லை. மூன்று வாரம் முன்பே போட்ட உங்கள் மகனுக்கு இது அப்படியே பொருந்தும். அதே கேர் ஹோமில், அதே வேலையை, அவர் சட்டப்படி தொடரலாம்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது, மற்ற குடும்பங்களும் கவனியுங்கள். விசா முடிந்த மறுநாள் போட்டிருந்தால்கூட இந்தப் பாதுகாப்பு கிடையாது. "14 நாள் சலுகை உண்டு, தாமதமாகப் போடலாம்" என்று நம் பையன்கள் வாட்ஸப்பில் பரப்புகிறார்கள். அந்த 14 நாள், தக்க காரணம் இருந்தால் தாமதமான விண்ணப்பத்தை ஏற்பது பற்றியது மட்டும். அந்த இடைவெளியில் வேலை பார்க்க உரிமை தராது. பார்த்தால் அது குற்றம்.

கம்பெனியின் பயத்தையும் நாம் புரிந்துகொள்ள வேண்டும். உரிமை இல்லாத ஒருவரை வேலைக்கு வைத்திருந்தால், 2024 பிப்ரவரி 13 முதல், ஓர் ஆளுக்கு 45,000 பவுண்டு வரை அபராதம். மறுபடி மாட்டினால் 60,000 வரை. சின்னக் கேர் ஹோம் ஒன்றை இழுத்து மூடவைக்கிற தொகை அது. அங்கே எச்.ஆரில் இருக்கும் பெண்மணி கெட்டவர் அல்ல, தன் கோப்பில் வைக்க ஒரு காகிதம் வேண்டும் என்கிறார். அந்தக் காகிதம் எது என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை.

வழக்கமாக அது ஷேர் கோடு, அதாவது ஊழியரின் வேலை உரிமையைக் கம்பெனி இணையத்தில் சரிபார்க்க உதவும் குறியீடு. 2024 டிசம்பரோடு பி.ஆர்.பி. என்ற குடியிருப்பு அனுமதிக் கார்டுகளின் காலம் முடிந்து எல்லாம் இ-விசா, அதாவது இணையப் பதிவு, ஆகிவிட்டது. ஹோம் ஆபீஸின் விசாப் பிரிவான யு.கே.வி.ஐ.-யின் இணையக் கணக்கில் உங்கள் மகன் நுழைந்தால், வேலைக்கான ஷேர் கோடு கிடைக்கும். டபிள்யூ எழுத்தில் தொடங்கும், 90 நாள் செல்லும். கம்பெனி அதையும் பிறந்த தேதியையும் போட்டுப் பார்த்தால் போதும், பாஸ்போர்ட்டே தேவையில்லை. உங்கள் மகன் முதலில் இதை முயன்று பார்க்கட்டும். ஆனால் 3சி-யில் இருப்பவர்கள் பலருக்கு இ-விசா "காலாவதி" என்றே காட்டியிருக்கிறது. இதே காரணத்தால் வேலையிலிருந்து நிறுத்திவைக்கப்பட்ட ஒரு பெண் பராமரிப்பு ஊழியர் வழக்குப் போட்டார். 3சி-யில் இருப்பவர்களுக்கு மின்னணுச் சான்று கொடுக்காமல் விட்டது சட்டவிரோதம் என்று லண்டன் உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் சொன்னது. தீர்ப்பு வந்துவிட்டது என்பதற்காக எல்லோருடைய திரையும் ஒரே நாளில் மாறிவிடாது. அதனால் அடுத்த வழியைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

அந்த அடுத்த வழிதான் எம்ப்ளாயர் செக்கிங் சர்வீஸ். நம்மூர்க் கணக்கில் சொன்னால், அடங்கல் கொடுக்கும் வி.ஏ.ஓ. இவர்தான். கம்பெனி ஹோம் ஆபீஸின் இணையதளத்தில் ஒரு படிவத்தை நிரப்புகிறது. கட்டணம் இல்லை. ஊழியரின் பெயர், பிறந்த தேதி, நாட்டுரிமை, முகவரி, என்ன வேலை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், விண்ணப்ப எண், இவ்வளவுதான் கேட்பார்கள். பொதுவாக 5 வேலை நாளில் பதில் வரும். எல்லாம் சரியாக இருந்தால் பாசிட்டிவ் வெரிஃபிகேஷன் நோட்டீஸ் என்ற கடிதம் கம்பெனிக்குப் போகும். உங்கள் மகனுக்கு வராது, அதைக் கண்டு பதற வேண்டாம். கடிதத்தின் தேதியிலிருந்து 6 மாதம் கம்பெனிக்கு அபராதத்திலிருந்து முழுப் பாதுகாப்பு. அதற்குள் விசா முடிவு வரவில்லையென்றால் மறுபடி கேட்டு வாங்க வேண்டும்.

இனி உங்கள் மகனின் நாட்கணக்கைப் பார்ப்போம். ஏற்கெனவே வேலையில் இருப்பவருக்கு விசா தேதி முடிந்தாலும், விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது என்று கம்பெனிக்கு நியாயமான நம்பிக்கை இருந்தால், தேதி முடிந்ததிலிருந்து 28 நாள்வரை கம்பெனிக்குப் பாதுகாப்பு தொடரும். அந்த அவகாசம் இந்தக் கடிதத்தை வாங்குவதற்காகவே கொடுக்கப்பட்டது. 12 போய்விட்டது, கையில் 16 இருக்கிறது. விண்ணப்பம் போய் 14 நாளாவது ஆன பிறகுதான் அந்தப் பிரிவிடம் கேட்க வேண்டும் என்பது விதி. உங்கள் மகன் போட்டு 33 நாள் ஆகிறது, அந்தத் தடையும் இல்லை. இன்றைக்குக் கம்பெனி படிவத்தை அனுப்பினால் அடுத்த வாரம் பதில் வந்துவிட வேண்டும். திங்கள்கிழமை அவரை நிறுத்த அவசியமே இல்லை. (புதிதாக ஒரு கம்பெனியில் சேரப்போகிறவருக்கு இந்த 28 நாள் கிடையாது. அவர் கடிதம் வந்த பிறகுதான் சேர முடியும்.)

இதை உங்கள் மகன் வாயால் சொல்ல வேண்டாம். ஷிஃப்ட் முடிந்து மேனேஜரின் மேஜை ஓரம் நின்று சொல்கிற வார்த்தை அங்கேயே கரைந்துபோகும். எச்.ஆருக்கு ஒரு மின்னஞ்சல். இன்ன தேதியில், என் விசா இன்ன தேதியில் முடிவதற்கு முன்பே, விண்ணப்பித்தேன். விண்ணப்ப எண் இது. பாஸ்போர்ட் ஹோம் ஆபீஸிடம் இருக்கிறது. 3சி பிரிவின்படி என் பழைய அனுமதி தொடர்கிறது. எம்ப்ளாயர் செக்கிங் சர்வீஸில் தயவுசெய்து இன்றே சரிபார்க்கவும். இவ்வளவு போதும். கூடவே விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததற்கான மின்னஞ்சல், பணம் கட்டிய ரசீது, பாஸ்போர்ட் பக்கங்களின் நகல், அசலைக் கேட்டு ஹோம் ஆபீஸ் அனுப்பிய கடிதம்.

இணைப்புகளை மட்டும் நம்பாமல், தேதிகளையும் எண்களையும் மின்னஞ்சலின் உடம்பிலேயே தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். இதற்குக் காரணம் உண்டு. ஒரு பீட்சா கடை ஊழியர் தன் சான்றுகளைக் கடைசி நாளில் மின்னஞ்சலில் அனுப்பினார். கடைக்காரரால் இணைப்புகளைத் திறக்க முடியவில்லை, வேலை போயிற்று. அந்த முடிவை எதிர்த்து முறையிடக் கம்பெனிக்குள்ளேயே ஒரு வாய்ப்புக்கூடத் தரவில்லை என்பதை 2018-இல் அங்குள்ள தொழிலாளர் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் பெரிய குறையாக எடுத்துக்கொண்டு வழக்கைத் திருப்பி அனுப்பியது. அவர் பக்கம் நியாயம் இருந்தது, ஆனால் வழக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தது. உங்கள் மகனுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

எழுதிக் கேட்ட பிறகும் சம்பளமில்லாமல் நிறுத்தினால், ஏகாஸ் என்ற அரசுத் தொழிலாளர் ஆலோசனை அமைப்பை உடனே கூப்பிடட்டும், இலவசம்தான். வேலை பார்க்க உண்மையில் உரிமை இருந்த ஒருவரைச் சான்றுக் குழப்பத்தால் நிறுத்திவைத்தபோது அந்த நாட்களின் சம்பளம் அவருக்குச் சேரவேண்டியதே என்று 2011-லேயே ஒரு தீர்ப்பு உண்டு. புகார் செய்யக் காலக்கெடு குறுகியது, எனவே தள்ளிப்போட வேண்டாம்.

தேசியக் காப்பீட்டு எண்ணும் ஓட்டுநர் உரிமமும் வேலை உரிமைக்குச் சான்று ஆகாது. அதைக் காட்டி வாதாடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இன்னொன்று கேட்கிறேன், தவறாக நினைக்காதீர்கள். பாஸ்போர்ட் ஹோம் ஆபீஸிடம்தான் இருக்கிறதா? இப்போது பெரும்பாலான நீட்டிப்புகளில் செல்போன் செயலியிலோ மையத்திலோ ஸ்கேன் எடுத்துக்கொண்டு புத்தகத்தைக் கையிலேயே கொடுத்துவிடுகிறார்கள். அசலைக் கேட்டு வாங்குவது சில வழக்குகளில் மட்டும். உங்கள் மகனிடம் ஹோம் ஆபீஸ் கேட்ட கடிதமும் தபால் ரசீதும் இருந்தால் சரி. முதலாளியோ இடைத்தரகரோ "நாங்கள் பத்திரமாக வைத்திருக்கிறோம்" என்று வாங்கி வைத்திருந்தால் அது வேறு விஷயம், அங்கே அதற்கு எந்த நியாயமும் இல்லை. நம் பிள்ளைகள் பலர் கேர் ஹோம் வேலைக்குக் கடன் வாங்கிப் போயிருப்பதால் இதை வீட்டில் சொல்லக் கூசுகிறார்கள். அப்படியானால் 08000 121 700 என்ற நவீன அடிமைத்தன உதவி எண்ணை அங்கிருந்தே கூப்பிடலாம்.

கும்பகோணத்துக்காரருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஹோம் ஆபீஸிலிருந்து பாஸ்போர்ட்டை "எடுத்துத் தர" எந்த ஏஜெண்டாலும் முடியாது. அவர் செய்யக்கூடியது உங்கள் மகன் பெயரில் அந்த வாபஸ் கடிதத்தை எழுதுவது மட்டுமே. இங்கிலாந்தில் குடியேற்ற ஆலோசனை சொல்ல வழக்கறிஞராகவோ, இமிக்ரேஷன் அட்வைஸ் அதாரிட்டியில் பதிவு பெற்றவராகவோ இருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். "தொலைந்துவிட்டது என்று சொல்லித் தூதரகத்தில் புதுப் பாஸ்போர்ட் வாங்கிவிடலாம்" என்று யாராவது யோசனை சொன்னால் அதையும் தட்டிவிடுங்கள். பொய்த் தகவல் கொடுத்துப் பாஸ்போர்ட் வாங்குவது நம் 1967 பாஸ்போர்ட் சட்டப்படி 2 வருஷம் வரை சிறைக்குரிய குற்றம்.

கல்யாண விஷயம்தான் எனக்கும் மனதை உறுத்துகிறது. உள்நாட்டிலிருந்து போடும் இந்த வகை நீட்டிப்புக்கு 8 வாரத்தில் முடிவு என்பது அவர்கள் சொல்லும் பொதுக்கணக்கு. ஐந்து வாரம் ஓடிவிட்டது. முடிவும் பாஸ்போர்ட்டும் ஆவணிக் கடைசி முகூர்த்தத்துக்கு முன் வந்து சேர வாய்ப்பு இருக்கிறது, ஆனால் யாரும் உத்தரவாதம் தர முடியாது. இரண்டும் கையில் வருவதற்கு முன் டிக்கெட் போட வேண்டாம். சம்பந்தி வீட்டாரிடம் இப்போதே உள்ளதைச் சொல்லி, ஆவணியின் கடைசிப் பகுதியில் நாள் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். அண்ணன் இல்லாமல் மாலை மாற்றுகிற வருத்தம் பெரிதுதான். ஆனால் வந்துவிட்டுத் திரும்பிப் போக முடியாமல் கடனோடு வீட்டில் உட்கார்ந்திருக்கும் அண்ணனைப் பார்ப்பது அந்தப் பெண்ணுக்கு அதைவிடக் கஷ்டம்.

இன்று இரவு மகன் கூப்பிடும்போது மூன்று தேதிகளைக் கேட்டு நாட்காட்டியில் எழுதி வையுங்கள்: விண்ணப்பித்த தேதி, விசா முடிந்த தேதி, அதிலிருந்து 28-ஆவது நாள். மின்னஞ்சல் போய்விட்டதா என்று நாளைக் காலையில் ஒருமுறை கேளுங்கள். கம்பெனி ஒரு வாரத்தில் பதில் சொல்லாவிட்டால், அந்த மின்னஞ்சலின் நகலோடு எனக்கு எழுதுங்கள்.