கேள்வியில் தப்பில்லை, தொட்டதில்தான்

வணக்கம் சகோதரி. கலிஃபோர்னியாவில் ஒரு பூங்காவில் உங்கள் ஆறு வயது மகள் கறுப்பினத் தோழியின் பின்னலைப் பிடித்துப் பார்த்து, "ஏன் உன் முடி இப்படி இருக்கு?" என்று கேட்டதும், அந்தப் பிள்ளையின் அம்மா முன்னால் கூச்சப்பட்டு அவளை இழுத்துக்கொண்டு வந்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். கேட்டதில் தப்பில்லை. அனுமதி இல்லாமல் தொட்டதுதான் தப்பு. இரண்டையும் சேர்த்து அடக்கினால், அந்த முடியைப் பற்றிப் பேசுவதே அசிங்கம் என்று குழந்தை நினைத்துக்கொள்ளும்.

முதலில் அவளுக்குப் பதில் சொல்லுங்கள். முடி முளைக்கும் குழி வளைந்திருப்பதால் முடியும் சுருண்டு வளர்கிறது. தலையில் சுரக்கும் எண்ணெய் அந்தச் சுருளில் நுனிவரை எளிதில் இறங்காது, சீக்கிரம் வறண்டுவிடும். அதனால்தான் எண்ணெயோ கிரீமோ தடவிப் பின்னிவிடுகிறார்கள். என்னோடு வேலை செய்யும் தோழி ஒருவர் பொடிப்பொடியாகப் பின்னிக்கொள்ள ஆறு மணி நேரம் உட்கார்ந்தாராம். அதைக் கடையில் முன்பின் தெரியாதவர்கள் இழுத்துப் பார்ப்பார்களாம். சொல்லும்போதே அவர் கை தானாகத் தலைக்குப் போனது. பின்னலையும் சுருள் முடியையும் காரணம் காட்டி வேலையிலோ பள்ளியிலோ ஒதுக்கக் கூடாது என்று உங்கள் மாநிலம் 2019-இல் சட்டமே போட வேண்டியிருந்தது.

வீட்டில் "பரட்டை" என்ற சொல்லையும் விட்டுவிடுங்கள். நாம் அதைத் திட்டத்தானே பயன்படுத்துகிறோம்.

அப்புறம், அந்த அம்மாவைப் பார்த்தால் நீளமாக விளக்க வேண்டாம். "அன்றைக்கு மகள் கேட்காமல் தொட்டுவிட்டாள், நானும் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டேன், மன்னியுங்கள்" என்றால் போதும். மகளையும் கூட்டிப் போங்கள். "உன் பின்னல் அழகா இருக்கு, யார் பின்னிவிட்டாங்க?" என்று அவளே தோழியிடம் கேட்கட்டும்.